கடையில் கொடுத்த துப்பாக்கி கைக்கு வருமா?
"என் பொருளை எனக்கே தர மாட்டேன் என்கிறார்களே!" - பெரியவரின் தவிப்பும், சட்டம் சொல்லும் வழியும்

சென்னை -

அடகுக் கடையில் வைத்த நகையை, வட்டியோடு அசலைக் கட்டினால் திரும்பிக் கொடுத்து விடுவார்கள். தையல் கடையில் கொடுத்த துணிக்குச் சீட்டைக் காட்டினால் போதும். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனை நீட்டினால் சைக்கிள் வந்துவிடும்.

ஆனால் துப்பாக்கிக் கடையில், "விற்றுக் கொடுங்கள்" என்று விட்டுவிட்டு வந்த துப்பாக்கியைத் திரும்பக் கேட்டால்?

சீட்டு மட்டும் போதாது. பணம் மட்டும் போதாது. "நான்தான் சொந்தக்காரன்" என்று சத்தியம் செய்தாலும் போதாது!

இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், கடை வாசலில் நின்று சண்டை போட்ட ஒரு பெரியவரின் கதை இது.

அப்பாவின் ரெட்டைக்குழல்

பெரம்பூர் பக்கம் குடியிருப்பவர் அந்தப் பெரியவர். ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் மதுராந்தகம் அருகே ஒரு கிராமம். அங்கே அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். வேர்க்கடலை போட்டால் காட்டுப்பன்றி விடாது. அதற்காக லைசென்சு எடுத்து வாங்கிய துப்பாக்கி, 12 போர் ரெட்டைக்குழல்.

அப்பா காலமான பிறகு, வாரிசு என்ற முறையில் லைசென்சு பெரியவர் பெயருக்கு வந்தது. ஆனால் பட்டணத்தில் இருக்கிறவருக்குத் துப்பாக்கி எதற்கு? பீரோவுக்குள் கிடந்தது. பேரப்பிள்ளைகள் வளர வளர, "இந்தச் சனியனை முதல்லே வெளியே அனுப்புங்க" என்று வீட்டம்மாள் நச்சரிக்க ஆரம்பித்தார்.

நாலு வருடத்துக்கு முன்பு நகரில் உள்ள ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்குக் கொண்டு போனார்.

"வித்துக் குடுங்க. உங்க கமிஷனை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க" என்றார். கடைக்காரர் லைசென்சைப் பார்த்தார். பதிவேட்டில் எழுதினார். துப்பாக்கியில் ஓர் அட்டையைக் கட்டினார். ரசீது கொடுத்தார்.

அதோடு பெரியவர் துப்பாக்கியை மறந்தார். லைசென்சையும் மறந்தார். அங்கேதான் வந்தது வினை!

"துப்பாக்கி உங்களதுதான், ஆனா..."

நாலு வருடமாகியும் துப்பாக்கியை வாங்க ஆள் வரவில்லை. இந்த நிலையில் ஊரில் விவசாயம் பார்க்கும் தம்பி வந்தார். "அண்ணே, அப்பா வச்சிருந்த துப்பாக்கியை எவனுக்கோ ஏன் விக்கணும்? என்கிட்டே குடு. பன்னி தொல்லை தாங்க முடியலை" என்றார்.

பெரியவருக்கும் மனசு இளகியது. ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் ரசீதைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். பிறகு, "சார், லைசென்சு புத்தகத்தைக் காட்டுங்க" என்றார்.

காட்டினார். லைசென்சு காலாவதியாகி 2 வருடம் ஆகியிருந்தது.

"சார், துப்பாக்கி உங்களதுதான். அதுலே சந்தேகமே இல்லே. ஆனா உங்க கையிலே குடுக்க முடியாது. குடுத்தா நீங்களும் உள்ளே, நானும் உள்ளே" என்றார் கடைக்காரர்.

பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பொருளை எனக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீ யாருய்யா?"

கடைக்காரர் சத்தம் போடவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீசின் நகல். "இந்தத் துப்பாக்கியை ஏன் அரசுடைமை ஆக்கக் கூடாது?" என்று கேட்டிருந்தது.

அசல் நோட்டீசு பெரியவரின் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. வீடு மாறியதை அவர் எங்குமே தெரிவிக்கவில்லை. பழைய வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பதில் சொல்லக் கெடு 30 நாள். அதில் 19 நாள் ஓடிவிட்டது!

சொந்தம் வேறு, கைவசம் வேறு

கடைக்காரர் செய்தது சரியா? முழுக்கச் சரி.

இந்தியாவில் துப்பாக்கி விஷயத்தை நடத்துவது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 2016-ல் வந்த ஆயுத விதிகள் அதன் நடைமுறைகளைச் சொல்கின்றன.

இந்தச் சட்டம் பார்ப்பது "யாருக்குச் சொந்தம்?" என்பதை மட்டுமல்ல. "கையில் வைத்திருக்க யாருக்கு உரிமை?" என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது.

காசு கொடுத்து வாங்கியவர் சொந்தக்காரர். உயிரோடு இருக்கும் லைசென்சு உள்ளவர்தான் கைவசம் வைத்திருக்கத் தகுதி உள்ளவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் பிரச்சினை இல்லை. லைசென்சு செத்துவிட்டால், சொந்தக்காரராக இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைத் தொட முடியாது.

கடைக்காரருக்கும் இதில் கடுமையான பொறுப்பு உண்டு. ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்தானா என்று பார்த்து உறுதி செய்யாமல் அவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பதே சட்டத்தின் 29-வது பிரிவின்படி குற்றம். "தெரிஞ்சவர்தானே, பெரியவர்தானே" என்று கொடுத்தால் கடைக்காரரின் கடை லைசென்சுக்கே ஆபத்து.

இரண்டு வகை "விட்டு வைப்பது"

துப்பாக்கிக் கடைகளுக்குத் துப்பாக்கி வருவது இரண்டு வகை.

முதல் வகை, சொந்தக்காரரே விரும்பிக் கொண்டு வந்து கொடுப்பது. விற்றுத் தரச் சொல்லி கமிஷன் பேசிக் கொடுப்பார்கள். ரிப்பேருக்குக் கொடுப்பார்கள். வெளியூர், வெளிநாடு போகும்போது பத்திரமாக வைக்கக் கொடுப்பார்கள். இந்த மூன்றிலும் லைசென்சு உயிரோடு இருக்கும்.

இரண்டாம் வகை, சட்டம் கட்டாயப்படுத்தி ஒப்படைக்கச் சொல்வது. லைசென்சு காலாவதியானால், சஸ்பெண்ட் ஆனால், ரத்தானால், அல்லது வேறு எந்தக் காரணத்தாலாவது வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், தாமதம் இல்லாமல் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் கொடுக்கலாம். விதிகளுக்கு உட்பட்டு, லைசென்சு பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமும் கொடுக்கலாம். ராணுவத்தினர் தங்கள் படைப்பிரிவின் ஆயுதக் கிடங்கில் கொடுக்கலாம். இதைச் சொல்வது 21-வது பிரிவு.

ஒப்படைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் சிறைத் தண்டனை வரை போகும்.

பெரியவர் முதல் வகையில்தான் துப்பாக்கியைக் கொடுத்தார். ஆனால் நடுவில் லைசென்சு காலாவதியானதும், அவர் துப்பாக்கி இரண்டாம் வகைக்குப் போய்விட்டது. அவருக்கே தெரியாமல்!

"துப்பாக்கிதான் என்கிட்டே இல்லியே, அப்புறம் லைசென்சை எதுக்குப் புதுப்பிக்கணும்?" என்று நினைத்தார் பெரியவர். இதே தப்புக்கணக்கைப் போடுகிறவர்கள் பலர். கடையில் இருந்தாலும் துப்பாக்கி உங்கள் லைசென்சில்தான் இருக்கிறது. விற்று, அந்த விற்பனை லைசென்சில் பதிவாகும் வரை புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும்.

திரும்பப் பெற என்ன வழி?

21-வது பிரிவு கதவை ஒரேயடியாகச் சாத்திவிடவில்லை. இரண்டு வழி வைத்திருக்கிறது.

ஒன்று: விதிகளில் குறித்த கெடுவுக்குள், துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் உரிமையைத் திரும்பப் பெற்று, அதைக் காட்டித் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளலாம். அதாவது லைசென்சைப் புதுப்பித்துவிட்டு வந்தால், கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு: லைசென்சு வேண்டாம் என்று நினைத்தால், தகுதி உள்ள வேறு ஒருவருக்கு விற்கலாம், அல்லது வேறு வகையில் கொடுக்கலாம். வரும் பணம் ஒப்படைத்தவருக்கே சேரும். லைசென்சு போனதால் துப்பாக்கியின் மதிப்பும் போய்விடாது.

ஒப்படைத்தவர் இறந்துவிட்டால் இந்த இரண்டு உரிமையும் அவருடைய சட்டப்பூர்வ வாரிசுக்கு உண்டு.

இரண்டும் செய்யாமல் கெடுவைத் தாண்ட விட்டால்? மாவட்ட மாஜிஸ்திரேட்டு துப்பாக்கியை அரசுடைமை ஆக்கலாம். சென்னை போல் போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் அந்த அதிகாரம் கமிஷனருக்கு. மற்ற இடங்களில் கலெக்டர்.

ஆனால் திடுதிப்பென்று எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். நோட்டீசு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காரணம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சொன்ன காரணத்தைப் பரிசீலித்த பிறகே உத்தரவு போட வேண்டும். லைசென்சு சஸ்பெண்டில் இருக்கும் காலத்தில், அந்த லைசென்சில் உள்ள துப்பாக்கியைப் பறிமுதல் செய்து உத்தரவு போடவே முடியாது.

அரசுடைமை ஆன பிறகும்கூட, அந்தப் பொருளையோ விற்ற பணத்தையோ முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ திருப்பித் தர அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது அரசின் விருப்பம். உரிமையாகக் கேட்க முடியாது.

கடைக்காரர் தகராறு செய்தால்?

இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு.

லைசென்சு உயிரோடு இருக்கிறது. ரசீதும் இருக்கிறது. "விற்க வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் இழுத்தடிக்கிறார். அப்போது என்ன செய்வது?

இங்கே உதவிக்கு வருவது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். விற்றுத் தரச் சொல்லி ஒருவரிடம் பொருளைக் கொடுத்தால், அவர் உங்கள் ஏஜெண்டு. பொருளுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான். அவர் உங்கள் சார்பில் யாருடனாவது விலை பேசி முடிக்கும் வரை, கொடுத்த அதிகாரத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். பேசி முடித்துவிட்டால் பின்வாங்க முடியாது.

ஆகவே "விற்க வேண்டாம்" என்று மனம் மாறினால், வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. எழுத்தில், தேதி போட்டு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கடைக்காரருக்கு நியாயமாகச் சேர வேண்டிய கமிஷன், செலவு, ரிப்பேர் கூலி பாக்கி இருந்தால், அதைக் கட்டும் வரை பொருளை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அது வேறு விஷயம். அதனால்தான் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும் என்கிறார்கள்.

பாக்கி எதுவும் இல்லாமலும் தர மறுத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். சொல்லாமல் விற்றுவிட்டுப் பணத்தை விழுங்கியிருந்தால் அது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-வது பிரிவு. துப்பாக்கி சம்பந்தப்பட்டது என்பதால் லைசென்சு கொடுத்த அதிகாரிக்கும் உடனே புகார் கொடுப்பது நல்லது. எங்கே போனது என்று தெரியாத துப்பாக்கி, யார் கையில் சிக்கி என்ன செய்தாலும், முதல் விசாரணை லைசென்சுக்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்!

கடையே மூடிவிட்டால்? கடைக்காரரின் லைசென்சு போய்விட்டால் அவரும் துப்பாக்கிகளை வைத்திருக்க முடியாது. 21-வது பிரிவு அவருக்கும் பொருந்தும். ரசீதோடு கமிஷனர் அல்லது கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால், துப்பாக்கி எங்கே மாற்றப்பட்டது என்பதைக் கேட்டறியலாம்.

அமெரிக்காவிலும் இதே கதை!

"அமெரிக்காவிலே மிட்டாய் வாங்குகிற மாதிரி துப்பாக்கி வாங்கலாமே" என்பார்கள். ஆனால் அங்கேயும் கடையில் விற்கக் கொடுத்த துப்பாக்கியைச் சொந்தக்காரர் திரும்ப வாங்கப் போனால், புதிதாக வாங்குகிறவரைப் போலத்தான் நடத்துகிறார்கள்.

4473 என்ற எண்ணுள்ள படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். குற்றப் பின்னணி உண்டா என்று சோதனை நடக்கும். தேறினால்தான் துப்பாக்கி. அடகு வைத்து மீட்டாலும் அதே முறைதான். ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது மட்டும் அந்தப் படிவம் தேவையில்லை.

இதற்கு ஒரு பிரபல வழக்கே உண்டு. கலிபோர்னியா மாநிலம் ஆக்ஸ்நார்டு நகரில் ஒருவர், 1971-ல் தன் மனைவியின் 3 துப்பாக்கிகளை அடகு வைத்தார். மறு ஆண்டு மீட்கும்போது, "முன்பு பெரிய குற்றத்தில் தண்டனை அடைந்ததுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதினார். உண்மையில் கணக்கில் பணம் இல்லாமல் செக் கொடுத்த வழக்கில் அவர் தண்டனை பெற்றிருந்தார்.

"நான் வாங்கவே இல்லையே, என் வீட்டுப் பொருளை மீட்டேன். அவ்வளவுதானே?" என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வாதாடினார். 1974-ல் தீர்ப்பு வந்தது. "அடகிலிருந்து மீட்பதும் துப்பாக்கியைப் பெறுவதுதான், பொய் சொன்னது குற்றமே" என்று 8 நீதிபதிகள் ஒரு பக்கம் நின்றார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் ஹட்டில்ஸ்டன் வழக்கு இதுதான்.

தேசம் வேறு, சட்டம் வேறு. ஆனால் கருத்து ஒன்றுதான். துப்பாக்கி ஒவ்வொரு முறை கை மாறும்போதும், வாங்குகிற கை சுத்தமா என்று பார்க்க வேண்டும். சொந்தக்காரர் கையானாலும் சரி.

தேர்தல் வந்தால்...

தேர்தல் அறிவித்ததும் "துப்பாக்கியை ஒப்படையுங்கள்" என்று உத்தரவு வரும். பலர் அப்போதுதான் பீரோவைத் திறப்பார்கள்.

எல்லோரிடமும் ஒட்டுமொத்தமாகப் பறிக்கக் கூடாது, ஆளுக்கு ஆள் பரிசீலிக்க வேண்டும் என்று பம்பாய் ஐகோர்ட்டு சொன்ன பிறகு, இதற்கென்று பரிசீலனைக் குழு முறை வந்தது. ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் போன்றோரின் லைசென்சுகளைக் குழு முதலில் பார்க்கும்.

இப்படி ஒப்படைத்த துப்பாக்கியைத் தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் ஆன பிறகு திருப்பித் தர வேண்டும் என்பது தேர்தல் கமிஷனின் நெறிமுறை. அதற்கும் ரசீதும், நடப்பு லைசென்சும் வேண்டும். ஒப்படைத்த காலத்தில் லைசென்சு காலாவதியானால், மறுபடியும் பெரியவர் கதைதான்!

மூணாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள்

2019-ல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதுவரை ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். அதை 2 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதிகமாக உள்ள ஒன்றை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

அப்படிக் கடைக்கு வந்த மூன்றாவது துப்பாக்கியை, லைசென்சு நடப்பில் இருந்தாலும் திரும்பக் கேட்க முடியாது. பரம்பரைத் துப்பாக்கி என்றாலும் 2-க்கு மேல் கிடையாது.

அதே திருத்தம் ஒரு நல்லதும் செய்தது. லைசென்சின் ஆயுள் 3 ஆண்டாக இருந்தது, 5 ஆண்டாக ஆனது. ஆனால் நாள் கூடியதால் மறதியும் கூடிவிட்டது என்பது கடைக்காரர்களின் புலம்பல்.

வாரிசுகள் என்ன செய்ய வேண்டும்?

லைசென்சுக்காரர் இறந்துவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் அந்தத் துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசுகளில் ஒருவர் லைசென்சுக்கு மனுப் போடலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை தேவைப்படும். மனுப் போடுகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. லைசென்சுக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, தான் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்சு தரும்படி கேட்கலாம்.

கொடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

கடைக்குக் கொண்டு போகும் முன் இவற்றைச் சரி பார்த்துக்கொண்டால் பின்னால் அழ வேண்டியதில்லை:

* ரசீதில் துப்பாக்கியின் வகை, தயாரிப்பு, எண் எல்லாம் லைசென்சில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எண் மாறினாலும் திரும்ப வாங்கும்போது தகராறு.

* எதற்காகக் கொடுக்கிறீர்கள் - விற்கவா, ரிப்பேருக்கா, பாதுகாப்புக்கா - என்பது ரசீதில் எழுதியிருக்க வேண்டும்.

* குறைந்தபட்ச விலை, கமிஷன், பாதுகாப்புக் கட்டணம், எத்தனை மாதத்துக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

* லைசென்சில் உங்களுக்கான தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கையெழுத்துப் புத்தகம் மட்டும் இருந்தால் இப்போது செல்லாது.

* லைசென்சு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க மனுப் போடுங்கள்.

* வீடு மாறினால் லைசென்சு அதிகாரிக்கும் கடைக்காரருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

* திரும்ப வாங்க நேரில் போங்கள். "பையனை அனுப்புகிறேன், குடுத்து விடுங்க" என்பது நடக்காது. லைசென்சுக்காரரின் எழுத்து அனுமதியோடு இன்னொருவர் எடுத்துப் போகச் சட்டம் இடம் தருவது ரிப்பேர், லைசென்சு புதுப்பித்தல், லைசென்சுக்காரரின் உபயோகம் ஆகிய காரியங்களுக்கு மட்டும்தான்.

* வாங்கியதும் தோட்டா இல்லாமல், உறையில் போட்டு, நேராக வீட்டுக்குப் போங்கள். வழியில் நண்பர்களுக்குக் காட்ட நிற்காதீர்கள்.

பெரியவர் என்ன செய்தார்?

மீதி இருந்தது 11 நாள். பெரியவர் அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாளே ஒரு வக்கீலைப் பார்த்தார். வீடு மாறிய விவரம், நோட்டீசு கைக்கு வராத விவரம், துப்பாக்கி முழு நேரமும் லைசென்சு பெற்ற கடையிலேயே பத்திரமாக இருந்த விவரம் எல்லாவற்றையும் எழுதி, கடை ரசீதின் நகலை இணைத்து, வேப்பேரியில் உள்ள கமிஷனர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினார்.

அடுத்த கேள்வி, லைசென்சைப் புதுப்பிப்பதா? பெரியவர் யோசித்தார். பார்வை மங்கிவிட்டது. கை நடுங்குகிறது. வீட்டில் பேரப்பிள்ளைகள். "எனக்கு வேண்டாம். தம்பிக்கே போகட்டும்" என்று முடிவு செய்தார்.

தம்பியிடம் ஏற்கனவே ஒரு துப்பாக்கிக்கு லைசென்சு உண்டு. சட்டப்படி இன்னும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அவர் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் இரண்டாவது துப்பாக்கிக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டார்.

லைசென்சு உள்ள ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கான துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ வேண்டுமானால், யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்ற பெயர், முகவரியோடு அதிகாரிக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். அதுவரை கை மாறக் கூடாது. பெரியவர் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனார். "ஏன் இவ்வளவு நாள் புதுப்பிக்கலை?" என்று கேட்டார்கள். "துப்பாக்கிதான் கையிலே இல்லியேன்னு இருந்துட்டேன் ஐயா. என் தப்புதான்" என்றார். மழுப்பவில்லை.

காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள். பறிமுதல் நடவடிக்கை கைவிடப்பட்டது. 45 நாளும் கழிந்தது. தம்பியின் லைசென்சில் இரண்டாவது துப்பாக்கிக்கான பதிவும் ஏறியது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். பாதுகாப்புக் கட்டண பாக்கியைப் பெரியவர் கட்டினார். கடைக்காரர் உள்ளேயிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். எண்ணைச் சரி பார்த்தார். பதிவேட்டில் தம்பியின் கையெழுத்தை வாங்கினார்.

பெரியவர் துப்பாக்கியைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். கட்டையின் அடியில் அப்பா தன் பெயரின் முதல் எழுத்தைக் கத்தியால் கீறி வைத்திருந்தார். அது அப்படியே இருந்தது.

"அன்னைக்கு உங்ககிட்டே கோவப்பட்டுட்டேன். மனசுலே வச்சுக்காதீங்க" என்றார் கடைக்காரரிடம்.

"அட, விடுங்க சார். அன்னைக்கு நான் குடுத்திருந்தா, இன்னைக்கு இங்கே வந்து நின்னிருக்க மாட்டோம், ரெண்டு பேரும்" என்று சிரித்தார் கடைக்காரர்.

தம்பி துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். பெரியவர் நாலு வருடப் பழைய ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் படியிறங்கினார்கள்.

"லைசென்சு எப்போ முடியுதுன்னு பார்த்து வச்சுக்கடா" என்றாராம் பெரியவர், ரோட்டைத் தாண்டும் முன்பே.